விமானமா, ரயிலா, காரா, காணொளியா? பெருந்தொற்றுக் காலப் பல்கலைக்கழகப் பணிப்பயணம்

பயண அனுமதிப் படிவம் மேசைக்கு வந்ததும் முதலில் எழுவது விமானமா ரயிலா என்ற கேள்விதான். தொற்று பரவும் காலத்தில் அதைப் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாசற்படி இறங்கியதிலிருந்து வீடு திரும்பும்வரை, மூடிய இடங்களில், முகக்கவசம் அணியாதவர்களோடு எத்தனை மணி நேரம் ஒரே காற்றைச் சுவாசிக்கப் போகிறோம்? கோவிட் போலக் காற்றில் பரவும் நோய்க்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. அதை வைத்தே ஒவ்வொன்றையும் அளந்து பார்க்கிறேன்.

விமானத்தின் காற்று பலரும் அஞ்சும் அளவுக்கு மோசமானதல்ல. பெரிய ஜெட் விமானம் பறக்கும்போது உள்ளே காற்று மணிக்கு 20 முதல் 30 முறை மாறுகிறது. மறுசுழற்சிக்குப் போகும் பங்கு ஹெப்பா வடிகட்டி வழியாக வருகிறது, 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தை அது பிடித்துவிடும். ஆனால் அருகில் இருப்பவர் இருமினால், அந்தக் காற்று வடிகட்டியைச் சேருமுன் உங்களைச் சேர்ந்துவிடும். 2020 மார்ச் முதல் வாரத்தில் லண்டனிலிருந்து ஹனோய் போன விமானத்தில் நடந்தது இதுதான். முகக்கவசம் கட்டாயமாகாத நேரம், சுமார் 10 மணி நேரப் பயணம். அறிகுறியோடு பயணித்த ஒருவரைத் தவிர இன்னும் 15 பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களில் 12 பேர் அவரோடு பிசினஸ் வகுப்பில் இருந்தவர்கள். கூடுதல் பணம் கட்டி வாங்கும் விசாலமான இருக்கை தானாகவே பாதுகாப்பைத் தந்துவிடாது. ஏறும் வரிசை, குடிவரவு மண்டபம், எல்லோரும் ஒரே நேரத்தில் முகக்கவசத்தைக் கழற்றும் சாப்பாட்டு வேளை ஆகியவற்றையும் கணக்கில் சேர்த்தால் இரண்டு மணி நேர விமானப் பயணம் ஐந்தாறு மணி நேரமாகிவிடும்.

ரயிலைப் பற்றி நல்ல தரவு சீனாவின் அதிவேக ரயில்களிலிருந்து கிடைத்தது. நோயாளிக்கு முன்னும் பின்னும் மூன்று வரிசை, பக்கவாட்டில் ஐந்து இருக்கை என்ற எல்லைக்குள் தொற்றியவர்கள் சராசரியாக 0.32 சதவீதம். ஒட்டிய இருக்கையில் மட்டும் அது 3.5 சதவீதம். பயண நேரம் கூடக் கூட அபாயமும் கூடியது. ஆகவே பக்கத்து இருக்கை காலியாக இருப்பதும், நெரிசல் இல்லாத வேளையில் போவதும்தான் ரயிலில் முக்கியம். நடுத்தர தூரத்துக்கு என் தேர்வு ரயிலே. வரிசைகளும் காத்திருப்பும் குறைவு.

பேருந்தை இந்தப் பட்டியலில் கடைசியில் வைப்பேன். 2020 ஜனவரியில் சீனாவின் செஜியாங் மாகாணத்தில் காற்று உள்ளேயே சுழன்ற ஒரு பேருந்தில் 68 பேர் போனார்கள். ஒருவரிடமிருந்து 23 பேருக்குத் தொற்றியது.

கார் பாதுகாப்பானது என்று சொல்லும்போது, தனியாக ஓட்டும் காரைத்தான் சொல்கிறோம் என்பதை மறந்துவிடுகிறோம். ஒரே துறையின் நான்கு பேர் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியில் பேசிக்கொண்டே போனால், பாதி காலியான ரயிலை விட அது மோசம். தனியாகவே ஓட்டினாலும், நாள் முழுக்கக் கூட்டம் முடித்துவிட்டு இரவில் திரும்பும் களைத்த ஆசிரியருக்குச் சாலை விபத்து கிருமியைவிடப் பக்கத்து ஆபத்து.

எதில் போனாலும் போய்ச் சேரும் அறைதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. 2020 பிப்ரவரி இறுதியில் பாஸ்டனில் ஒரு நிறுவனம் நடத்திய இரண்டு நாள் மாநாட்டோடு தொடர்புடைய 90க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று கண்டறியப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழுவின் ஒரே மாலைப் பயிற்சியில் 61 பேரில் 53 பேர் நோயுற்றார்கள். ஆய்வுக் கருத்தரங்கும் அப்படித்தான்: மூடிய அரங்கு, ஓயாத பேச்சு, தேநீர் இடைவேளை, இரவு விருந்து. என்95 முகக்கவசத்தை விமானத்தில் கழற்றாமல் காத்தவர் விருந்து மேசையில் மூன்று மணி நேரம் அது இல்லாமல் இருந்தால் பட்ட பாடெல்லாம் வீண். அழைப்பு வந்ததும் விமான நேரத்தைக் கேட்பதற்கு முன் ஜன்னல் திறக்குமா, சாப்பாடு திறந்த வெளியிலா என்று கேளுங்கள். கையடக்கக் கரியமில வாயு அளவி ஒன்றைத் துறையே வாங்கி வைத்துக்கொள்ளலாம். வெளிக்காற்றில் அது 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) அளவில் காட்டும். அறைக்குள் 800ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் பிறர் விட்ட மூச்சு தேங்குகிறது என்று பொருள்.

காணொளியின் பக்கம் என் மனம் பாதிதான் சாய்கிறது. தேர்வுக் குழு, வாய்மொழித் தேர்வு, நிர்வாகக் கூட்டம் இவற்றுக்குப் பயணம் செய்யச் சொல்வதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. களப்பணியும், வேறெங்கும் இல்லாத கருவியில் செய்யும் சோதனையும், ஆவணக் காப்பகத்தில் தொட்டுப் பார்க்க வேண்டிய சுவடியும் வேறு. அவற்றைத் தள்ளிப்போட்டால் ஓர் ஆய்வு மாணவரின் ஓராண்டு போய்விடும். அரிய அனுமதிகளை இத்தகைய பணிகளுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

பயணச்சீட்டில் மலிவானதும் மாற்றத்தக்கதும் போட்டியிடும்போது, தொற்றுக் காலத்தில் மாற்றத்தக்கதே மலிவு. அமெரிக்க இயற்பியல் கழகத்தின் 2020 மார்ச் மாநாடு டென்வரில் தொடங்கவிருந்தது. 10,000க்கும் மேற்பட்டோர் எதிர்பார்க்கப்பட்டனர். தொடங்குவதற்கு இரண்டு நாள் கூட இல்லாதபோது ரத்தானது. பலர் அதற்குள் டென்வர் வந்து சேர்ந்துவிட்டார்கள். காப்பீட்டையும் அப்படியே வாசித்துப் பாருங்கள்: பெருந்தொற்றை விலக்கிவைக்கும் விதி பல பாலிசிகளில் உண்டு. மருத்துவச் செலவைத் தரும் பாலிசி, தனிமைப்படுத்தலில் கழியும் விடுதி நாட்களுக்குத் தராமல் போகலாம்.

பரிசோதனையில், கிருமியின் மரபணுத் தடயத்தைத் தேடும் பிசிஆர் நுணுக்கமானது, ஆனால் குணமாகி வாரக்கணக்கில் ஆன பிறகும் பாசிட்டிவ் காட்டலாம். கிளம்பும் காலையில், கிருமியின் புரதத்தைத் தேடும் விரைவு ஆன்டிஜென் சோதனை செய்வது இன்று நான் பிறருக்குப் பரப்புவேனா என்பதற்கு ஓரளவு பதில் சொல்லும். நெகட்டிவ் என்பதை முழு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

படிவத்தில் இன்னும் இரண்டு கட்டங்கள் வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டு வருகிறேன். ஒன்று, அங்கே நோயுற்றால் எங்கே தங்குவார், யார் பணம் கட்டுவார், எந்த எண்ணை அழைப்பார் என்பது. மற்றொன்று, போக விருப்பமில்லை என்று குறிக்க. காரணம் கேட்காமல், ஆய்வு வழிகாட்டியான பேராசிரியரின் பார்வைக்குப் போகாமல். வீட்டில் வயதான பெற்றோரை வைத்துக்கொண்டு, பேராசிரியரிடம் முடியாது என்று சொல்லத் தயங்கி நிற்கும் மாணவருக்காகத்தான் அந்த இரண்டாவது கட்டம்.