பழைய வால்பேப்பரை உரிக்க: வெந்நீரா, நீராவியா?

டர்பன், சாட்ஸ்வொர்த் வீட்டில் பாட்டி காலத்துப் பூப்போட்ட வால்பேப்பர். கடற்காற்றின் ஈரத்தில் ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது. நடுவில் மட்டும் விடாப்பிடி.

செலவு: வெந்நீருக்கு வாளி, ஸ்பாஞ்ச், கொஞ்சம் வினிகர் போதும். நீராவி மெஷினை வாடகைக்கு எடுக்கணும்.

வேலை: வெந்நீர் தடவி 15 நிமிடம் ஊறவிட்டாலும் சுரண்டத்தான் வேண்டும், தண்ணீர் முழங்கை வழியே வடியும். நீராவித் தட்டை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் பசை கூழாகி, தாள் நீளமாக உரிந்து வரும். நடுவில் கரண்ட் போனால் போச்சு! வினைல் (பிளாஸ்டிக் பூசிய) தாளென்றால் எதற்கும் முன் மேல்தோலை உரித்துவிடுங்கள்.

சுவர்: நல்ல சிமென்ட் பூச்சு இரண்டையும் தாங்கும். தாள் போர்த்திய ஜிப்சம் பலகையில் நீராவி அதிகமானால் பலகையின் தாளே உப்பிவிடும்.

ஒற்றை அடுக்கு வால்பேப்பர், ஜிப்சம் சுவர் என்றால் வெந்நீர். தாளை அடுக்கடுக்காய் ஒட்டிய, சிமென்ட் பூசிய செங்கல் சுவருக்கு நீராவிதான்.