கார்போகரிசிப் பொடியா, பகுச்சியால் சீரமா? சிங்கப்பூர் வெயிலுக்கு எது ஒத்துவரும்

வீட்டில் குளியல் பொடி அரைப்பவர்களுக்குக் கார்போகரிசியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ என்று நீளும் பட்டியலில் இதுவும் ஒரு பிடி விழும். கருத்துச் சிறுத்த விதை. நசுக்கினால் விரலில் பிசுபிசுப்பும் காரமான வாசனையும் ஒட்டிக்கொள்ளும். சிங்கப்பூரின் தேக்கா பக்கம் நாட்டுமருந்து விற்கும் கடைகளில் விதையாகவும் கிடைக்கும், பொடியாகவும் கிடைக்கும். சீன மருந்துக்கடையில் பூ கு ஷி என்று நிறுத்துக் கொடுப்பதும் இதே விதைதான். இந்த விதையில் இருக்கும் பகுச்சியால் என்ற பொருள்தான் இப்போது சீரமாகக் குப்பியில் அடைபட்டு, பல மடங்கு விலையில் அழகுசாதன அலமாரிக்கு வந்திருக்கிறது.

“ஒரே விதைதானே, எதற்குக் கூடுதல் காசு?” என்று கேட்பவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் சிக்கனத்தின் பக்கம் நிற்கும் நானே இந்த விஷயத்தில் சீரத்தின் பக்கம்தான். காரணம் பழசு, புதுசு என்பதல்ல. விதைக்குள் பகுச்சியாலோடு சோராலென் என்ற இன்னொன்றும் இருக்கிறது. பொடியை வாங்கினால் இரண்டும் சேர்ந்தே வரும்.

சோராலென் தோலில் இருக்கும்போது வெயிலில் உள்ள புற ஊதா ஏ கதிர் பட்டால், அது செல்லின் டிஎன்ஏவைப் பற்றிக்கொள்கிறது. தோல் சிவந்து எரியும், சில நேரம் கொப்புளமே போடும். ஆறிய பிறகு நம் நிறத் தோலில் கருந்திட்டு மாதக்கணக்கில் நிற்கும். மங்கு போக வேண்டும் என்று பூசியவருக்குப் புதிதாக ஒரு மங்கு! இதில் மோசமான சங்கதி, எரிச்சல் உடனே தெரியாது. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வரும். அதற்குள் பொடி பூசியதே மறந்துபோய், நேற்றுச் சாப்பிட்ட இறால்மீது பழி விழும்.

சிங்கப்பூரில் நடுப்பகல் புற ஊதாக் குறியீடு 11ஐத் தொடுவது அபூர்வமில்லை. மேகமூட்டமாக இருந்தாலும் புற ஊதா ஏ வரும். பேருந்துச் சன்னல் கண்ணாடியையும் ஓரளவு தாண்டி வரும். அதனால் ‘நான் வெயிலில் போவதே இல்லை’ என்பது இங்கே யாருக்கும் முழுசாகப் பொருந்தாது.

மரபு இதை அறியாமல் இல்லை. வெண்புள்ளிக்கு இந்த விதையைப் பூசி, அளவாக வெயில் காட்டச் சொல்வதுதான் ஆயுர்வேத முறை. பூசும் முன் இஞ்சிச் சாற்றில் ஊறவைத்துச் சுத்தி செய்வதும் உண்டு. அதாவது வெயிலும் மருந்தின் ஒரு பாதி. அதே அடிப்படையில்தான், சோராலென் கொடுத்துப் புற ஊதா ஏ ஒளி காட்டும் மருத்துவமனைகளின் புவா சிகிச்சையும் 1970களில் பரவியது. ஆனால் அங்கே மருந்தும் ஒளியும் இரண்டுமே அளந்து தரப்படும், கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி உண்டு. அப்படியும் நீண்ட காலம் எடுத்தவர்களுக்குத் தோல் புற்றுநோய் அபாயம் கூடுவது தெரியவந்தது. இப்போது பல இடங்களில் சோராலென் தேவைப்படாத குறுகிய பட்டை புற ஊதா பி சிகிச்சைக்கு மாறிவிட்டார்கள். வெண்புள்ளிக்காகத்தான் கார்போகரிசியைத் தேடுகிறீர்கள் என்றால் பொடியும் வேண்டாம், சீரமும் வேண்டாம். பலதுறை மருந்தகத்தில் காட்டி, மண்டலே சாலையில் இருக்கும் தேசிய தோல் நிலையத்துக்குக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

சீரத்துக்கு வருவோம். பகுச்சியாலுக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. 44 பேரை வைத்து 12 வாரம் நடந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வு 2019இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் வந்தது. 0.5 சதவீத பகுச்சியாலும், சுருக்கத்துக்குப் பூசும் வைட்டமின் ஏ வகைப் பொருளான ரெட்டினால் 0.5 சதவீதமும் சுருக்கத்தையும் கருமையையும் ஏறத்தாழ ஒரே அளவு குறைத்தன. தோல் உரிவதும் குத்தலும் ரெட்டினால் பூசியவர்களுக்குத்தான் அதிகம். 44 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, அதனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு நான் துள்ள மாட்டேன். ஆனாலும் பொடிக்கு இந்த அளவு கணக்குக்கூடக் கிடையாது. கர்ப்பிணிகள் ரெட்டினாலைத் தவிர்க்க வேண்டும் என்பதால் சிலர் பகுச்சியாலுக்குத் தாவுகிறார்கள். கர்ப்பத்தில் அது பாதுகாப்பு என்று காட்டப் போதுமான ஆய்வு இல்லை, மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடுங்கள்.

சீரம் வாங்கும்போது குப்பியைத் திருப்பிப் பாருங்கள். பொருட்பட்டியலில் ‘பகுச்சியால்’ என்று இருந்தால் பிரித்தெடுத்தது. கார்போகரிசியின் தாவரப் பெயரான ‘சோராலியா கோரிலிஃபோலியா’ போட்டு விதை எண்ணெய் அல்லது சாறு என்று இருந்தால் அதில் சோராலெனும் இருக்கலாம். பாப்சி எண்ணெய் என்று விற்பதும் இந்த இரண்டாம் ரகம்தான். இங்கே அழகுசாதனப் பொருளை விற்கும் முன் நிறுவனம் சுகாதார அறிவியல் ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும், பொருட்பட்டியலையும் அச்சிட வேண்டும். அறிவிப்புதான், ஒப்புதல் முத்திரை இல்லை. இருந்தாலும் படித்துப் பார்க்க ஏதோ ஒன்று இருக்கிறது. நிறுத்துக் கட்டிய பொட்டலத்தில் அதுவும் இல்லை.

சரி, காலங்காலமாகப் போடும் குளியல் பொடி? தேய்த்துச் சில நிமிடத்தில் கழுவிவிடுவதால் ஆபத்து குறைவுதான். ஆனாலும் கார்போகரிசி இல்லாமலே பொடி நன்றாக வரும் என்பதால் நான் அதை விட்டுவிடச் சொல்வேன். விட மனமில்லை என்றால் இரவில் மட்டும் தேய்த்து, நன்றாகக் கழுவுங்கள். முகத்தில் பத்துப் போட்டுக் காயவிடுவது வேறு கதை, அது வேண்டவே வேண்டாம். அதிலும் எலுமிச்சைச் சாறு பிழிந்து குழைப்பது இரட்டை வம்பு, ஏனென்றால் எலுமிச்சையிலும் இதே வகைப் பொருள் உண்டு. பருவுக்கு டாக்சிசைக்ளின் சாப்பிடுபவர்களுக்கு வெயில் ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாது, அவர்கள் கார்போகரிசிப் பக்கமே போகக்கூடாது.

உள்ளுக்குச் சாப்பிடும் சூரணமும் மாத்திரையும் பேச்சுக்கே இடமில்லை. இந்த விதையை உட்கொண்டு கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு.

முன்கை உள்பக்கம் தடவிச் சோதித்துப் பார்ப்பதைப் பலர் சொல்கிறார்கள். சீரத்துக்கு அது சரி, சிலருக்கு ஒவ்வாமை வருவது அதில் தெரிந்துவிடும். பொடிக்கு அந்தச் சோதனை ஏமாற்றும். வெயில் படாத இடத்தில் சோராலென் சத்தமே காட்டாது.

ஏற்கெனவே பூசி எரிச்சல் வந்துவிட்டது என்றால் உடனே நிறுத்தி, வெயில் படாமல் மூடிக்கொள்ளுங்கள், ஈரத்துணியால் ஒத்தடம் கொடுங்கள். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். கண்ணருகே வந்தாலோ கொப்புளம் பரவினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு.