ஹட்டனில் வேலைக்கு, கட்டுகுருந்தவில் ரேஸுக்கு: ஒரே ஸ்டார்லட், நான்கு வருடம்

வார நாட்களில் ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நான் வேலைக்குப் போய்வருகிற கார்தான் இது. டொயோட்டா ஸ்டார்லட் கேபி61, 4கே எஞ்சின், 1290 சிசி. வருடத்தில் இரண்டு மூன்று வார இறுதிகளில் இதையே களுத்துறைக்குப் பக்கத்தில் உள்ள கட்டுகுருந்த பழைய விமான ஓடுதளத்துக்கு இறக்கி ட்ரேக் ரேஸ், அதாவது நேர்கோட்டு வேகப் போட்டி, ஓட்டுகிறேன். கால் மைல், அதாவது 402 மீற்றர். முதல் வருடம் 19.6 செக்கன் எடுத்தேன்; கடைசியாக ஓடியபோது 18.1. பெரிய வேகமில்லைதான். ஆனால் திங்கட்கிழமை காலை இதே காரில்தான் வேலைக்குப் போக வேண்டும்.

காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கிற வெபர் 32/36 காபரேட்டர், எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகிற ஹெடர் குழாய்கள், கொஞ்சம் அகலமான சைலன்சர் குழாய். மாற்றியது இவ்வளவுதான். சத்தத்தைக் கேட்டு அம்மா, "கொழுந்து லொறி வருதுன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

பாடம் படித்தது காபரேட்டரில். ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிடப் பத்து வீதத்துக்கும் மேல் குறைவு. ஜெட் என்பது காபரேட்டருக்குள் பெற்றோல் வருகிற சின்னத் துளைத் திருகு; எண் கூடினால் துளை பெரிது, பெற்றோல் கூட. கராஜ் பாஸ் இங்குள்ள காற்றுக்கு ஏற்ப 130 ஜெட் போட்டுத் தந்தார். இங்கே அருமையாக இழுத்தது. அப்படியே கட்டுகுருந்தவுக்குக் கொண்டுபோனேன். மூன்றாம் கியரில் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனை சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பால் தேத்தண்ணி நிறத்தில் இருக்க வேண்டியது. கீழே காற்று கூட, பெற்றோல் அதே அளவு. எஞ்சின் காய்ந்து எரிந்திருக்கிறது. இன்னும் இரண்டு ஓட்டம் ஓடியிருந்தால் பிஸ்டன் போயிருக்கும்.

இப்போது கீழே போனதும் 135 ஜெட், மேலே வந்ததும் 130. வித்தியாசம் துளையில் 0.05 மில்லிமீற்றர்தான்! மாற்ற இருபது நிமிடம் போதும். கடலோரக் காற்றில் எஞ்சினுக்குச் சும்மாவே பலம் கூடிவிடுகிறது. அதை வாங்கிக்கொள்ள ஜெட் சரியாக இருந்தால் சரி. ஹெடருக்குக் கொட்டின காசை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கிளச் விஷயத்தில் என் புத்தி கெட்டுப்போனது. ஸ்டார்ட்டில் வழுக்கக் கூடாது என்று கிளச்சை அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பிளேட்டை இறுக்கமானதாகப் போட்டேன்; பெடல் பாரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் பஜார் ஏற்றத்தில், முன்னால் ஒரு பஸ், பின்னால் ஒரு முச்சக்கர வண்டி, நடுவில் நான். இடது கால் நடுங்கத் தொடங்கிவிடும். எட்டு மாதம் பொறுத்தேன். அப்புறம் கழற்றிவிட்டுப் பழைய மாதிரிப் பிளேட்டையே போட்டேன். ரேஸில் வெறும் 0.2 செக்கன்தான் போனது.

மழைக் காலத்தில் வட்டவளைப் பக்கம் கவனம். பின் சக்கரம் தள்ளுகிற, பின்பக்கம் பாரமில்லாத கார். ஈர வளைவில் கொஞ்சம் அழுத்தினாலும் வால் ஆடும். ரேஸுக்காகக் கழற்றும் பின் சீட்டையும் ஸ்பெயார் சக்கரத்தையும் கட்டுகுருந்தவுக்குப் போனபிறகே கழற்றுங்கள். வீட்டிலேயே விட்டுப்போய்க் கினிகத்தேனையில் டயர் பஞ்சராகி நின்றவன் சொல்கிறேன்.

வருடாந்தப் புகைப் பரிசோதனைக்கு முன் ஐட்லிங்கில், அதாவது கார் நின்றபடி எஞ்சின் ஓடும்போது, போகிற பெற்றோலைக் குறைத்துக்கொண்டால் பாஸாகிவிடுகிறது. பெற்றோல் செலவு பற்றிக் கேட்காதீர்கள், வீட்டிலும் அதைச் சொல்லவில்லை.

ஜெட்கள் இரண்டும் டேஷ்போர்டுக்குள் ஒரு பழைய மருந்துக் குப்பியில் கிடக்கின்றன. போன வாரம் தம்பி குலுக்கிப் பார்த்துவிட்டு, "என்ன மாத்திரை அண்ணே இது?" என்று கேட்டான்.