கொன்பரன்ஸ் முறை வாங்கப்போகிற சங்கங்களுக்கு: திரையைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள்

கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். எங்களுடையது பெண்களின் சேமிப்புக் கடன் சங்கம், நான் செயலாளர். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் குடும்பத்தைத் தனியே கொண்டு நடத்துகிறவர்கள். முழங்காவிலில் இருந்து ஒருவர் கூட்டத்துக்கு வருவதென்றால் பூநகரி, பரந்தன் சுற்றி பஸ்ஸில் வரவேண்டும், ஒட்டுசுட்டான் பக்கத்து ஆட்களுக்கு அன்றைய கூலியே போய்விடும். அதனால் மாதக் கூட்டத்தைப் போனில் வைப்போம் என்று முடிவெடுத்தோம். சூம் எங்களுக்குச் சரிவராது, பலரிடம் இருப்பது பட்டன் போன். ஒரு இலக்கத்துக்கு அழைத்தால் எல்லோரும் ஒன்றாகக் கதைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கொழும்பில் இருந்து ஒரு கொம்பனி ஆள் வந்தார். நான் அவரிடம் முக்கியமாக இரண்டு விஷயம் கேட்டேன். இரைச்சல் வருகிற ஒரு லைனை மட்டும் இங்கிருந்தே மியூட் பண்ண முடியுமா? கடன் விஷயம் தனியாகக் கதைக்க விரும்புகிறவரைக் கூட்டத்தில் இருந்து பிரித்து நிர்வாகக் குழுவோடு மட்டும் கதைக்க விட முடியுமா? "எல்லாம் இருக்கு அக்கா, ஒரு பட்டனைத் தட்டினால் சரி" என்றார். மடிக்கணினியில் தட்டிக் காட்டினார், பச்சையாக இருந்த பெயர் சிவப்பாக மாறியது, நாங்களும் நம்பி 3 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாவை முழுதாகக் கொடுத்தோம். உறுப்பினர்களின் சேமிப்பில் வந்த வட்டிப் பணம் அது.

முதல் கூட்டத்தில் 34 லைன். ஒருவர் வயல் கரையில் நிற்கிறார், பக்கத்தில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓடுகிறது. இன்னொருவருக்கு வேறு அழைப்பு வர இதை ஹோல்டில் போட்டுவிட்டார், அந்தப் பாட்டு கூட்டம் முழுக்க ஒலிக்கிறது. நான் இரண்டு பேரையும் சிவப்பாக்கினேன், சத்தம் நிற்கவில்லை. கொம்பனிக்கு எடுத்துக் கேட்டால் "அது டவர் பிரச்சினை அக்கா" என்றார்கள். வன்னியில் சிக்னல் எப்படி என்று எங்களுக்குத் தெரியும்தானே, அதையும் நம்பினோம்.

இரண்டாவது கூட்டத்தில் நடந்ததற்காகத்தான் இந்தப் பதிவே. புதுக்குடியிருப்புப் பக்கத்து அம்மா ஒருவர், கடன் தவணை மூன்று மாதம் கட்டவில்லை, தனியாகக் கதைக்க வேணும் பிள்ளை என்று முன்பே சொல்லியிருந்தார். நான் அவரைத் தனி அறை என்று எழுதியிருந்த பட்டனில் போட்டேன், திரையும் அப்படியே காட்டியது. "இப்ப குழு மட்டும்தான் கேக்குது அம்மா, சொல்லுங்கோ" என்றேன். அவர் அழுதுகொண்டே வீட்டு நிலைமை முழுவதையும் சொன்னார், காணாமல் போன மகனைப் பற்றியும் சொன்னார். அவர் முடித்ததும் வேறொரு குரல் "அழாதேங்கோ அம்மா" என்றது. 34 பேரும் கேட்டிருக்கிறார்கள். நான் வாக்குக் கொடுத்துத்தான் அவரைக் கதைக்க வைத்தேன், அதை நினைத்தால் இன்றைக்கும் நித்திரை வருவதில்லை.

எங்கள் உறுப்பினர் ஒருவரின் மகன் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். லீவில் வந்த தம்பி, கொம்பனி தந்த சேவர் கணினியின் பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டு, நான் தட்டிய ஒவ்வொரு பட்டனுக்கும் 415 என்ற மறுப்பு விழுந்திருப்பதைக் காட்டினான். இணையவழி அழைப்புகளை இணைக்கிற சிப் முறையில் 415 என்றால், நீ அனுப்பிய கட்டளையின் வடிவம் எனக்கு விளங்காது என்று அர்த்தம். திரை அந்த மறுப்பைக் கண்டுகொள்ளாமல் நிறத்தை மட்டும் மாற்றியிருக்கிறது.

தம்பி விளக்கியதை எனக்கு விளங்கிய மாதிரி சொல்கிறேன். இந்த முறைகளில் இரண்டு பகுதி இருக்கிறது, கட்டளை கொடுக்கிற மென்பொருள் ஒன்று, எல்லோர் குரலையும் உண்மையில் கலக்கிற மீடியா சேவர் மற்றது. அந்த இரண்டும் எந்த மொழியில் கதைக்கின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவற்றில் ஆக எளிமையானது நெட்ஆன் என்கிற முறை, ஆர்எஃப்சி என்கிற இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் 2005 இல் 4240 ஆம் இலக்கமாக வந்தது. அழைக்கிற முகவரியிலேயே கூட்டத்தின் பெயர் இருக்கும், அதே பெயரோடு வருகிற எல்லோரையும் சேவர் ஒன்றாகக் கலந்துவிடும். உள்ளே வந்த ஒருவரை மட்டும் மியூட் பண்ண அதில் கட்டளையே கிடையாது, வேறு கூட்டத்துக்குப் போவதென்றால் வேறு பெயரில் போக வேண்டும். எங்களுக்கு விற்ற சேவர் இதை மட்டும்தான் அறியும்.

திரை அனுப்பிக்கொண்டிருந்ததோ எம்எஸ்சிஎம்எல் கட்டளைகள், ஆர்எஃப்சி 5022, 2007. அழைப்பு நடக்கும்போதே சிப் முறையின் இன்ஃபோ என்கிற செய்திக்குள் கட்டளை எக்ஸ்எம்எல் என்கிற எழுத்து வடிவில் போகும், ஒவ்வொரு லைனையும் தனித்தனியாக மியூட் பண்ணலாம், கலவைக்கு வெளியே நிறுத்தியும் வைக்கலாம். எங்களுக்குத் தேவைப்பட்டது இதுதான். 2010 இல் வந்த எம்எஸ்எம்எல், ஆர்எஃப்சி 5707, இன்னும் விரிவானது: யாருடைய ஒலி யாருக்குப் போகவேண்டும் என்று இணைத்தும் பிரித்தும் விடலாம், சத்தமாகக் கதைக்கிற இரண்டு மூன்று பேரின் குரலை மட்டும் கலக்கச் சொல்லலாம். 34 வீட்டு இரைச்சலையும் கூட்டிக் கலக்கிற சேவருக்கும் கதைக்கிற மூன்று பேரை மட்டும் கலக்கிற சேவருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது லாண்ட்மாஸ்டர் சத்தத்துக்குள் கூட்டம் நடத்திப் பார்த்தால் தெரியும். பிறகு 2011, 2012 இல் ஆர்எஃப்சி 6230 உம் 6505 உம் வந்தன. அவற்றில் கட்டளைகள் அழைப்புகளின் வழியே போகாமல் இரண்டு சேவர்களுக்கும் இடையே தனி வாய்க்கால் வைத்துப் போகின்றன. பெரிய இடங்களுக்கு அது நல்லது, எங்களுக்கு அவ்வளவு தேவையில்லை.

உண்மையில் எங்களைப் போன்ற சங்கத்துக்கு இந்த இரண்டு பெட்டி வேலையே வேண்டாம். தம்பி அதே கணினியில் அஸ்டெரிஸ்க் என்கிற இலவச மென்பொருளைப் போட்டுத் தந்தான், அதிலுள்ள கொன்ஃப்பிரிட்ஜில் கட்டளையும் கலவையும் ஒரே இடத்தில் நடக்கின்றன. ஒரு லைனை மியூட் பண்ணினால் உண்மையாகவே சத்தம் நிற்கிறது, உள்ளே வரும்போதே எல்லோரையும் மியூட்டில் வைக்கலாம். தனியே கதைக்க வேண்டியவரை வேறு அறைக்கு மாற்றுகிறோம். மூன்று கூட்டம் முடிந்துவிட்டது.

வாங்கப்போகிறவர்கள் மூன்று போன் எடுத்து மூன்றையும் கூட்டத்தில் சேருங்கள். ஒன்றை மியூட் பண்ணச் சொல்லி அதற்குப் பக்கத்தில் ரேடியோவைப் போடுங்கள், மற்றதைத் தனி அறைக்கு அனுப்பச் சொல்லி அதில் கதையுங்கள். மூன்றாவது போனோடு ஒருவர் வளவுக் கரைக்குப் போய் நின்று காதில் வைத்துக் கேட்க வேண்டும், திரையை யாரும் பார்க்கவேண்டாம். மீடியா சேவருக்கு எந்தக் கட்டளை முறை விளங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள், எழுதித் தரத் தயங்கினால் அனுப்பிவிடுங்கள். இந்தச் சோதனை முடியும்வரை முழுப்பணமும் கொடுக்கவேண்டாம்.

எங்கள் காசு இன்னும் வரவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுதி, பதிவுக் கோப்பின் பிரதியையும் சேர்த்து அனுப்பியிருக்கிறோம். அந்த அம்மா பிறகு ஒரு போன் கூட்டத்துக்கும் வரவில்லை. நான் மாதம் ஒருமுறை அவர் வீட்டுக்கே போய்க் கதைத்துவிட்டு வருகிறேன், தவணையை நீட்டிக் கொடுத்திருக்கிறோம். முல்லைத்தீவிலோ மன்னாரிலோ உங்கள் சங்கத்துக்கும் பச்சை, சிவப்புப் பெயர்களைக் காட்டி யாராவது விலை சொல்லியிருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், அந்த 415 வரிகளைக் காட்டுகிறேன்.