முல்தானி மட்டிப் பொடி: ஒரு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

எண்ணெய்ப் பசை மிகுந்த முகத்துக்கென்று வாங்கிய இந்த முல்தானி மட்டிப் பொடியை, வாரம் இருமுறை வீதம் ஒரு மாதம் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன். ஒரு காலத்தில் கம்பளியின் பிசுக்கை நீக்கப் பயன்பட்ட களிமண் வகை என்பதால், மூக்கோரத்து எண்ணெயை இது உறிஞ்சிவிடுவதில் வியப்பில்லை. பொடியும் மாவுபோல் நைசாக இருக்கிறது. பன்னீரில் குழைத்தால் கட்டி தட்டுவதில்லை.

ஆனால் உறையில் சொன்னபடி முழுக்கக் காயும்வரை விட்டதில், கன்னம் வறண்டு தோல் இழுத்துக்கொண்டது. அடுத்த முறை ஓரங்கள் வெளிறத் தொடங்கியதுமே, ஏறத்தாழ 10 நிமிடத்தில் கழுவியபோது, அந்தத் தொல்லை இல்லை. இதனுடன் கற்றாழைச் சோறு சேர்ப்பவர்கள், மடலை வெட்டியதும் கசியும் மஞ்சள் பாலை வடியவிட்டுக் கழுவுவது அவசியம். அரிப்பைத் தரக்கூடியது அதுதான். பருத் தழும்பு மறையும் என்ற வாக்குறுதி மட்டும் பலிக்கவில்லை. தழும்பு அப்படியேதான் இருக்கிறது.