ஓட்டலாக மாறிய 2 அலுவலகக் கட்டடங்கள்: சிகாகோ, ஃபிலடெல்ஃபியா

சிகாகோவின் ரிலையன்ஸ் கட்டடம் 1895-இல் முடிந்தது, ஓட்டலானது 1999-இல். ஃபிலடெல்ஃபியாவின் பிஎஸ்எஃப்எஸ் கட்டடம் 1932-இல் அதே பெயர்கொண்ட வங்கியின் (ஃபிலடெல்ஃபியா சேவிங் ஃபண்ட் சொசைட்டி) தலைமையகமாக எழுந்தது. அந்த வங்கி 1992-இல் மூடப்பட, 2000-இல் ஓட்டல் வந்தது.

மாற்றுவதற்கு எது எளிது? அகலம் குறைந்த கட்டடம்தான். ஓட்டல் அறை ஒவ்வொன்றுக்கும் ஜன்னல் வேண்டும். தளம் அகலமானால் நடுப்பகுதி இருட்டாகி வீணாகும். ரிலையன்ஸ் ஒல்லியானது, பெரிய கண்ணாடி ஜன்னல்கள் கொண்டது. மருத்துவர்கள் வாடகைக்கு இருந்த சிறு அறைகளாகவே தளங்கள் பிரிந்திருந்தன என்பதும் நல்லதாகப் போயிற்று.

அதன் தொல்லை வெளிச்சுவரில் இருந்தது. வெள்ளை மெருகிட்ட சுடுமண் ஓடுகளின் இடுக்கில் நீர் புகுந்தால் பின்னால் பிடித்திருக்கும் இரும்புக் கொக்கி துருப்பிடிக்கும். துரு பருத்து ஓடுகளையே வெடிக்க வைக்கும். வெளியே பூசி மறைத்தால் நீர் உள்ளேயே தங்கி நிலைமை மோசமாகும். 1994-இல் மாநகராட்சி கட்டடத்தை வாங்கி முதலில் வெளிச்சுவரைச் சீரமைத்தது. சரியான வரிசை அதுதான்.

பிஎஸ்எஃப்எஸ் 36 மாடி. தொடக்கத்திலேயே முழுக் குளிர்சாதன வசதி. எஸ்கலேட்டரில் ஏறிச் செல்லும் மாடி வங்கிக்கூடம் இப்போது விருந்து மண்டபம். உச்சியில் வங்கிப் பெயரின் 27 அடி உயரச் சிவப்பு எழுத்துகள் இன்றும் இருக்கின்றன.

இரண்டுக்கும் பொதுவான சிக்கல் குளியலறை. அலுவலகத் தளத்துக்கு ஓரிடத்தில் கழிப்பறை போதும். ஓட்டலுக்கோ அறைதோறும் வடிகுழாய். குளியலறைகளை மேலும் கீழும் நேர்க்கோட்டில் அடுக்காவிட்டால் தளத்தைத் துளைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கட்டடக்கலையை நெருங்கிப் பார்க்க ரிலையன்ஸ். மாபெரும் கூடம் வேண்டுமென்றால் பிஎஸ்எஃப்எஸ்.