“32 ஸ்டெப் காயில்ஓவர், சொகுசா போகும்” என்று சொன்னால் நம்பாதீர்கள்

என்னிடம் இருப்பது ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். ஓட்ட அருமையான வண்டி, ஆனால் கம்பெனி சஸ்பென்ஷனே இறுக்கம். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்கு அம்மாவைக் கூட்டிப்போனால் ஒவ்வொரு மதகிலும் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். நம் டெல்டா ரோடு தெரியுமே. வண்டல் மண்ணில் தார் ரோடு உட்கார்ந்துவிடும், மதகின் கான்கிரீட் மட்டும் அப்படியே நிற்கும். ஏறும்போது ஒரு இடி, இறங்கும்போது ஒரு இடி.

திருச்சியில் ஒரு மாடிஃபிகேஷன் கடையில் கேட்டேன். “தம்பி, 32 ஸ்டெப் காயில்ஓவர் போட்டுருவோம். ஸாஃப்ட்ல வச்சா பஞ்சு மெத்தை மாதிரி போகும்” என்றார் ஓனர். காயில்ஓவர் என்றால் ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாக வரும், உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய செட். ஷாக்கை 32 படியாகத் திருகி மாற்றலாம் என்பதுதான் அந்த 32 ஸ்டெப். எனக்குச் சொகுசுதான் வேண்டும், வண்டியை இறக்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு ஏறக்குறைய ஒரு லட்சம் வாங்கினார்.

பாபநாசம் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. முன்பு இருந்ததைவிட மோசம்.

கும்பகோணத்தில் எங்கள் மெக்கானிக் அண்ணன் வண்டியைத் தூக்கிப் பார்த்தார். ஸ்ப்ரிங்கில் 8 கிலோ என்று அச்சடித்திருந்தது. ஒரு மில்லிமீட்டர் அமுங்க 8 கிலோ பாரம் வேண்டும் என்று அர்த்தம். கம்பெனி ஸ்ப்ரிங்கைவிட இரண்டு மடங்குக்கும் மேல். அந்த 32 ஸ்டெப் திருகு ஷாக்குக்குள் ஆயில் ஓடும் வேகத்தைத்தான் மாற்றும், ஸ்ப்ரிங்கின் இறுக்கத்தைத் தொடவே தொடாது. ஸாஃப்ட்டில் வைத்தால் இறுக்கமான ஸ்ப்ரிங்கைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லாமல் வண்டி துள்ளும். போதாததற்கு உயரத்தையும் குறைத்திருந்தார்கள். மதகில் ஷாக் முழுதாக அமுங்கி பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பு ரப்பரில் முட்டிய தடம் பதிந்திருந்தது. சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ் ஆர்ம் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போதே முறுக்கியிருக்கிறார்கள். வண்டி தரையில் நிற்கும் உயரத்தில் முறுக்காவிட்டால் ஆர்மில் உள்ள ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

இதைவிட எரிச்சல், கழற்றிய என் பழைய ஸ்ட்ரட்டுகளை (ஸ்ப்ரிங் உட்கார்ந்திருக்கும் முன்பக்க ஷாக்) கேட்டால் “இரும்புக்குப் போட்டாச்சு தம்பி” என்கிறார் திருச்சிக் கடை ஓனர். பில்லில் “சஸ்பென்ஷன் வேலை” என்று ஒரே வரி. பார்ட் நம்பர் இல்லை, வாரண்டி இல்லை.

சொகுசு கேட்பவருக்குக் கம்பெனி ஸ்ப்ரிங்கை அப்படியே விட்டு நல்ல ஷாக் மட்டும் மாற்றுவதுதான் முறை. பில்ஸ்டைன் பிராண்டு ஷாக்கில் பி4 கம்பெனி ஷாக்குக்கு நேர் மாற்று. பி6 அதைவிட இறுக்கம். பி8 இறக்கிய வண்டிக்கானது. கோனி பிராண்டில் ஸ்பெஷல் ஆக்டிவ் சொகுசையும் கணக்கில் வைத்துச் செய்தது. அதற்கும் முன்னால் டயர் காத்து, புஷ், ஷாக்கின் மேல்முனையை பாடியோடு பிடிக்கும் டாப் மவுண்ட் மூன்றையும் பாருங்கள். காசு கொடுப்பதற்கு முன் ஸ்ப்ரிங் எத்தனை கிலோ என்று கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையில் வண்டியை விடாதீர்கள். கழற்றும் பார்ட்ஸ் உங்கள் சொத்து, டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு, அதனால் இதேபோல் ஏமாந்தவர்கள் பில்லையும் போட்டோவையும் பத்திரமாக வைத்திருங்கள். புகார் நடப்பதால் கடைப் பெயரை இங்கே போடவில்லை. ஆர்எஸ்ஸின் ஒரிஜினல் முன் ஸ்ட்ரட், ஸ்ப்ரிங்கோடு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.